பிரமுவின் காது மெஷின்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி ஆடும், ஆனா விழாது. இதுவரைக்கும் ரெண்டே பேர்தான் விழுந்திருக்காங்க, ரெண்டு பேரும் அவசரக்காரங்க.

என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, இந்த ஃபேன் போடுற இரைச்சல்ல ஒண்ணும் விளங்கல. ஃபேன் ஓடலையா? அப்போ தெருச் சத்தமா இருக்கும். பாளையங்கோட்டை இப்பல்லாம் ஒரே சத்தம்.

அப்பாவோட மெஷினா? குடுங்க பார்ப்போம். என்ன சொல்றார்? வேலை செய்யலைங்கிறாரா? எல்லாரும் சொல்றதுதான். இங்க பாருங்க, இந்த லென்ஸ் வழியாப் பாருங்க. காதுக்குள்ள போற இந்தப் பிளாஸ்டிக் அச்சுக்கு மோல்டுன்னு பேர். இதோட ஓட்டையில குறும்பி அடைச்சு நிக்குது. டியூபுக்குள்ள வேர்வைத் தண்ணி ரெண்டு சொட்டு. சத்தம் எந்த வழியா உள்ள போகும்? மெஷின் மேல தப்பில்ல. உங்க அப்பா மேலயும் தப்பில்ல. சனிக்கிழமை தவறாம எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறவர் போல.

வைத்தியம் சுலபம். மோல்டை மட்டும் தனியாக் கழட்டி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில போடணும். அப்புறம் இந்த ரப்பர் பந்தை அமுக்கி டியூபை ஊதணும். அப்புறம் காயணும். ஈரத்தோட மாட்டினா தண்ணி மெஷினுக்குள்ள இறங்கிடும், அதோட அது ஆயுசு முடிஞ்சுது. அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நாம பேசிக்கிட்டு இருக்கலாம். அதாவது, நான் பேசுறேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காதீங்க. முள்ளு ஓடும், ஆனா மணி அடிக்காது. அடிக்கிறத நிறுத்தி நாலு வருஷமாச்சு. பழுது பார்க்கணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன்.

அந்த மூலையில புஸ்தகத்தோட உட்கார்ந்திருக்கிறவதான் என் சம்சாரம். பிரமநாயகி. நான் பிரமுன்னு கூப்பிடுவேன். காதுல மெஷின் தெரியுதா? வலது காது. என் கையால உயிர் குடுத்த முதல் மெஷின் அதுதான். பிரமு, தம்பி வந்திருக்கார்... பாருங்க, எப்படித் தலையை ஆட்டுறா. புஸ்தகத்தைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. கண்ணுதான் அதுல இருக்கும், காது முழுக்க என்கிட்ட. மரியாதைக்குத்தான் பக்கத்தைப் புரட்டுறா.

நான் மின்சார வாரியத்துல முப்பத்திநாலு வருஷம். மீட்டர் பரிசோதனைப் பிரிவு. மீட்டர் உண்மை சொல்லுதா பொய் சொல்லுதான்னு பார்க்கிறதுதான் வேலை. அதனால பொய்னா எனக்கு உடனே தெரிஞ்சிடும், அது மெஷினா இருந்தாலும் சரி, மனுஷனா இருந்தாலும் சரி. மே முப்பத்தியொண்ணு ரிட்டையர் ஆனேன். மாலை போட்டு வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க. ஜூன் மாசம் பிறந்ததும் பிரமுவுக்குக் காது போச்சு.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான். என்ன ஒரு தற்செயல் பாருங்க. முப்பது வருஷம் நல்லா இருந்த காது. நான் முழுநேரமும் வீட்டுல இருந்து நாலு வார்த்தை பேசலாம்னு வந்த அந்த மாசமே போகுது. விதின்னு வேற எதைச் சொல்றது?

அதுலயும் அது ஒரு தினுசான செவிடு. குக்கர் விசில் கேக்கும். பால்காரன் மணி கேக்கும். மக மெட்ராஸ்லேருந்து போன் பண்ணினா, உள்ளறையில இருந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துடுவா. நான் பேசினா மட்டும் கேக்காது. எதிர்ல நின்னு, "பிரமு, தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல நான் டிரான்ஸ்பார்மர் மேல ஏறி நின்னேனே"ன்னு ஆரம்பிப்பேன். அவ பாட்டுக்கு அரிசியைக் கல்லு பொறுக்குவா. நான் யோசிச்சேன். ஆம்பிளைக் குரல்லயும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு அலைவரிசை உண்டு. என்னோடது கொஞ்சம் அபூர்வமான அலைவரிசை. அந்த ஒண்ணு மட்டும் அவளுக்கு அறுந்து போச்சு. டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னா, எழுதிக் காட்டித்தான் சொன்னேன், "நீங்க இருக்கும்போது டாக்டர் எதுக்கு"ன்னுட்டா. அவ்வளவு நம்பிக்கை.

அப்போ எதிர் வீட்டுக்காரர் தவறிப்போய், அவரோட பழைய காது மெஷின் சும்மா கிடந்துது. வாங்கிட்டு வந்து பிரிச்சேன். உள்ள என்ன இருக்கு? ஒரு மைக்கு, ஒரு ஸ்பீக்கரு, நடுவுல கொஞ்சம் மூளை. மீட்டர் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? துடைச்சு, ஊதி, ரெண்டு இடத்துல ஈயத்தால பத்த வச்சு, அவ காதுக்கு மோல்டு மட்டும் புதுசா எடுத்து மாட்டிவிட்டேன். மாட்டின அன்னைக்கே டிரான்ஸ்பார்மர் கதையைச் சொன்னேன். சொல்லி முடிச்சதும் "ம்"னா.

அந்த "ம்" இருக்கே தம்பி, நாலு வருஷம் கழிச்சுக் கேட்ட "ம்". எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அதுக்கப்புறம் ஒரு குறையும் இல்ல. பேட்டரியைக்கூட அவளே போட்டுக்கிறா. "உங்களுக்குக் கை நடுங்குது, நீங்க விடுங்க"ன்னா. உங்க அப்பா எத்தனை நாளைக்கு ஒரு பேட்டரி போடுறார்? பத்து நாளைக்கா? ஊரெல்லாம் அப்படித்தான். பொட்டு மாதிரி பேட்டரி, அது முதுகுல ஒரு ஸ்டிக்கர். அதைக் கிழிச்சாத்தான் காத்து உள்ள போய் உயிர் வரும். கிழிச்சு ஒரு நிமிஷம் வச்சிருந்து, அப்புறம் மெஷின்ல போடணும். கிழிச்சுட்டா பத்து நாள், பன்னெண்டு நாள், அவ்வளவுதான். பிரமு மெஷின்ல எத்தனை நாள் ஓடுது தெரியுமா? ரெண்டு வருஷம். ஒரே பேட்டரி. நான் பத்த வச்ச நயம் அப்படி. கரண்டை அது குடிக்கிறதில்ல, மோந்து பார்க்குது.

இந்தப் புகழ் பரவித்தான் பென்ஷனர் சங்கத்துல கூப்பிட்டாங்க. மாசத்துல முதல் சனிக்கிழமை காலையில சங்கக் கட்டடத்துல காது மெஷின் முகாம், மத்த சனிக்கிழமையில சில்லறை வேலை. ஆக எல்லாச் சனிக்கிழமையும் ஜன்னலோர மேஜை எனக்கு. எட்டு வருஷம் அந்த மேஜை என்னோடது. எதிர்ல பெஞ்சுல பத்துப் பன்னெண்டு பேர் உட்கார்ந்திருப்பாங்க. மெஷினையெல்லாம் கழட்டி என்கிட்ட குடுத்துட்டு வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. நான் பேசிக்கிட்டே வேலை செய்வேன். அந்த மாதிரி ஜனங்களை நீங்க எங்கேயும் பார்க்க முடியாது. குறுக்க ஒரு கேள்வி இல்ல, "அது எப்படி"ன்னு ஒரு சந்தேகம் இல்ல. மூணு மணி நேரம் முகம் கோணாமக் கேப்பாங்க.

நாய் கதையை அங்கதான் முதல்ல சொன்னேன். கேளுங்க. நாய்க்குக் காது மெஷின்னா உயிரு. அதோட விசிலு, குறும்பி வாசனை, ரெண்டும் அதுக்குப் பிடிக்கும். தாசில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருத்தர், அவர் மெஷினை அவர் வீட்டு ராஜபாளையம் நாய் முழுங்கிடுச்சு. வயித்துக்குள்ள போயும் மெஷின் சாகல. நாய் வாயைத் திறந்தா கீன்னு விசில். அது நேராப் போய் பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்துடுச்சு. ஒரு விசில், டவுன் பஸ் நிக்குது. ரெண்டு விசில், கிளம்புது. கண்டக்டருக்கு வேலையே இல்ல. மூணு நாள் அந்த ரூட்டுல பஸ் நேரத்துக்கு ஓடினது, அதுக்கு முன்னயும் கிடையாது, பின்னயும் கிடையாது. நாலாம் நாள் மெஷின் வெளியில வந்துது. கழுவி, காய வச்சு, திரும்பவும் தாசில்தார் காதுலயே மாட்டிவிட்டேன். அதுக்கப்புறம் அவருக்குப் பூனை நடக்கிற சத்தம் கேக்க ஆரம்பிச்சுது.

இதை பிரமுகிட்ட நூறு தடவை சொல்லியிருப்பேன். முதல் தடவை சொன்னப்பவும் "ம்". நூறாவது தடவையும் அதே "ம்". சில சமயம் நான் சொல்லாம மூச்சு வாங்கும்போதே "ம்"பா. அவ்வளவு ஒன்றிப்போய்க் கேட்டுக்கிட்டு இருப்பா.

சரி, சோப்புத் தண்ணில நல்லா ஊறட்டும். வினை எப்படி வந்துதுன்னு சொல்றேன். இதே சோப்புத் தண்ணிதான்.

போன ஆடி மாசம் முகாம். கூட்டம் அதிகம். ஒவ்வொரு மோல்டா ஊறப்போட்டா சாயங்காலம் ஆயிடும்னு, பத்துப் பேர் மோல்டையும் ஒரே கிண்ணத்துல போட்டேன். எனக்கு அறிவு இல்லாம இல்ல, ஒவ்வொண்ணுலயும் பேனாவால நம்பர் எழுதித்தான் போட்டேன். அது என்ன பேனாவோ, சோப்புத் தண்ணில பத்து நம்பரும் கரைஞ்சு தண்ணி நீலமாயிடுச்சு. மோல்டுங்கிறது கைரேகை மாதிரி, ஒருத்தர் காதுக்கு எடுத்தது இன்னொருத்தருக்குச் சேராது. ஆனா நான் கலங்கல. பெஞ்சுல வரிசையா உட்கார்ந்திருக்காங்க, காது எதிர்லயே இருக்கு. காதைப் பார்த்தேன், மோல்டைப் பார்த்தேன், ஜோடி சேர்த்தேன். பத்துல எட்டு சரியா வந்துது. நீங்களே சொல்லுங்க, பரிட்சையில பத்துக்கு எட்டு குறைவா?

மாறின ரெண்டுல ஒண்ணு தாசில்தாரோடது. இன்னொண்ணு சங்கச் செயலாளர் இசக்கிமுத்துவோடது. தாசில்தாருக்கு வாழைப்பூ மடல் மாதிரி காது, துவாரம் சின்னது. இசக்கிமுத்துவுக்குக் காது சின்னது, துவாரம் கிணறு. சின்ன மோல்டு பெரிய துவாரத்துல தொளதொளன்னு நின்னா என்ன ஆகும்? உள்ள போன சத்தம் பக்கவாட்டுல கசிஞ்சு வெளிய வந்து, திரும்ப மைக்குல புகுந்து, கீன்னு விசிலடிக்கும்.

அதுவும் எப்போ அடிக்கணும்? அடுத்த வாரம் சங்கத்துல ஒரு உறுப்பினருக்கு இரங்கல் கூட்டம். படத்துக்கு மாலை போட்டாச்சு. "ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி"ன்னு சொல்லிட்டு இசக்கிமுத்து முன்னால நின்னு தலையைக் குனியுறார். கீ... தலையை நிமிர்த்துறார், நின்னுது. குனியுறார், கீ... சபை முழுக்க கண்ணைத் திறந்து பார்க்குது. இசக்கிமுத்துவுக்கு மட்டும் தன் காதுலேருந்துதான் வருதுன்னு தெரியல, யாரோ சேட்டை பண்ணுறாங்கன்னு எல்லாரையும் முறைக்கிறார். பின் வரிசையில ஒருத்தர், "போனவரு பதில் சொல்லுதாரு போலிருக்கு"ன்னு சொல்ல, இறந்தவரோட மகனே சிரிச்சுட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் இந்த நாற்காலியில வந்து உட்கார்ந்தார் இசக்கிமுத்து. உட்கார்ந்ததும் விழுந்தார். அதுவும் என் கணக்குல சேர்ந்துது.

"வே ஆவுடையப்பா, என் காதுல தாசில்தாரை மாட்டி விட்டுட்டீரே வே."

"ஒரு மோல்டு மாறிப்போச்சு வே. இப்பவே மாத்தித் தாரேன்."

"மாத்தவேண்டியது மோல்டை இல்ல, உம்மைத்தான். படிச்ச பிள்ளை ஒண்ணு வந்திருக்கு, பெனிட்டான்னு. காது பரிசோதனைக்குன்னே காலேஜுல படிச்சிருக்கு. இலவசமா சனிக்கிழமை வந்து பார்த்துத் தாரேங்குது. அடுத்த வாரத்துலேருந்து அந்த மேஜை அதுக்கு."

மேஜைன்னா வெறும் பலகைதானேன்னு உங்களுக்குத் தோணும். அந்தப் பெஞ்சு, அந்த முகங்க, காலையில மூணு மணி நேரம். அது இல்லைன்னா நான் சனிக்கிழமை எங்க போறது? யாருக்குச் சொல்றது?

பிரமுகிட்ட சொன்னேன். "பிரமு, மேஜை போச்சு. இனிமே சனிக்கிழமையும் உன்கூடத்தான்"னு. அவ முகத்தைப் பார்க்கணுமே தம்பி. வெளுத்துப் போச்சு. புஸ்தகத்தை மூடி மடியில வச்சா. நாப்பத்திமூணு வருஷக் கல்யாணத்துல அவ அப்படி அதிர்ந்து நான் பார்த்ததில்ல. "சனிக்கிழமையுமா?"ன்னு கேட்டா. எனக்கு வந்த அவமானம் அவளை எப்படித் தாக்கியிருக்கு பாருங்க. ஒரு பொம்பளைக்குப் புருஷன் மேல இதைவிடப் பாசம் இருக்க முடியுமா?

அப்புறம் அவளே, "ஏங்க, என்னைக் கூட்டிட்டுப் போங்க. எல்லார் முன்னாலயும் அந்தப் பொண்ணு என்னைப் பரிசோதனை பண்ணட்டும். நீங்க பண்ணின மெஷின்ல எனக்கு எவ்வளவு கேக்குதுன்னு தெரிஞ்சுட்டா மேஜையை யாரு பறிக்க முடியும்?"னா.

இசக்கிமுத்துகிட்ட சவால் விட்டேன். பிரமு தோத்தா மேஜை அந்தப் பொண்ணுக்கு. ஜெயிச்சா எனக்கு, சாகிற வரைக்கும்.

சனிக்கிழமை. சங்கம் நிறைஞ்சு போச்சு. பெனிட்டா பொண்ணு சின்னப் பொண்ணுதான், முப்பது இருக்கும். "வணக்கம் ஐயா"ன்னு மரியாதையாத்தான் சொல்லுச்சு. பிரமுவை நடுவுல ஸ்டூல்ல உட்கார வச்சுது. உதட்டைப் பார்த்துச் சொல்லிடக் கூடாதுன்னு, பின்னால போய் நின்னு ஒரு ஃபைலை எடுத்து வாயை மறைச்சுக்கிட்டுது.

"அம்மா, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. பந்து."

"பந்து."

"கிணறு."

"கிணறு."

இப்படி இருபது வார்த்தை. இருபதும் சரி. பெஞ்சுல இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு நாலடி பின்னால போய் குரலை இறக்குச்சு. அதுவும் சரி. சுவர் வரைக்கும் போச்சு. அங்கேருந்து கிசுகிசுன்னு என்னமோ சொல்லுச்சு. நான் அந்தப் பொண்ணு பக்கத்துலதான் தம்பி நிக்கிறேன். சத்தியமாச் சொல்றேன், எனக்கே ஒண்ணும் விழல. உதடு அசையுதான்னுகூடத் தெரியல. பிரமு திரும்பிக்கூடப் பார்க்காம, "காபி வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்"னா.

சங்கமே கை தட்டிடுச்சு. தாசில்தார் எழுந்து நின்னே தட்டினார். இசக்கிமுத்து மட்டும் வாயைத் திறந்தது திறந்தபடி நிக்கிறார்.

அந்தப் பொண்ணு வந்து, "அம்மா, மெஷினைக் கொஞ்சம் பார்க்கலாமா"ன்னு கேட்டுது. நான் பெருமையா, "பாரும்மா, நல்லாப் பாரு, படிப்புல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்க"ன்னேன். பிரமு கழட்டிக் குடுத்தா. குடுக்கும்போது பேட்டரிக் கதவை விரலால இறுக்கிப் பிடிச்சிருந்தா. ஜெயிச்ச படபடப்பு. பொண்ணு மெஷினைத் திருப்பி, பேட்டரி வைக்கிற சின்னக் கதவைத் திறந்துது. திறந்து, உள்ள பார்த்துக்கிட்டே நின்னுது. நானும் எட்டிப் பார்த்தேன்.

பேட்டரி இருக்கு. அது முதுகுல ஸ்டிக்கரும் இருக்கு.

கிழிக்கவே இல்ல தம்பி. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற வால் மட்டும் கதவு மூடுறதுக்குத் தோதா, கத்தரிக்கோலால வட்டமா, அழகா வெட்டியிருக்கு. ரெண்டு வருஷமா ஸ்டிக்கரோடயே ஓடியிருக்கு. எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு. உலகத்துல எந்தக் கம்பெனி மெஷினாவது ஸ்டிக்கர் கிழிக்காத பேட்டரியில ஓடியிருக்கா? ஓட முடியாது. என் கையால பத்த வச்ச மெஷின் ஓடியிருக்கு. இருபத்துக்கு இருபது கேட்டிருக்கு.

பெனிட்டா பொண்ணு தலையை நிமிர்த்துச்சு. பிரமுவைப் பார்த்துது. பிரமுவும் அதைப் பார்த்தா. கொசு கடிச்சா அசைப்போமே, அந்த மாதிரி பிரமு தலையை லேசா இப்படி அசைச்சா. அவ்வளவுதான். பொண்ணு என்னைப் பார்த்துது. திரும்ப பிரமுவைப் பார்த்துது. அப்புறம் கதவை மெதுவா மூடி, மெஷினை அவ கையில வச்சு, அவ விரலையும் சேர்த்து மடக்கிவிட்டுது.

"அம்மாவுக்கு ரொம்ப நல்லாக் கேக்குது ஐயா. இதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல"ன்னு சபைக்குக் கேக்கிற மாதிரி சொல்லுச்சு.

படிச்ச பிள்ளைன்னா அதுதான். தோல்வியை ஒத்துக்கிற பக்குவம். அதுக்கப்புறம் என் பக்கத்துல வந்து காதுகிட்ட, கொஞ்சம் சத்தமாவே, "ஐயா, உங்களுக்கும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா"ன்னுது. எனக்கா? சிரிச்சுட்டேன். கத்துக்கணும்னு ஆசை, வேறென்ன.

மேஜை என்கிட்டதான் இருக்கு. அந்தப் பொண்ணையும் வெறும் கையோட அனுப்ப மனசு வரல, சுவர் ஓரமா ஒரு மேஜை போட்டுக்கச் சொன்னேன். இப்போ ஏற்பாடு என்னன்னா, வர்றவங்க முதல்ல அதுகிட்ட மெஷினைக் குடுத்துடுவாங்க. அது சில்லறை வேலையெல்லாம் பார்க்கும், உள்ள பிரிக்கிறது, அளவு வைக்கிறது, அந்த மாதிரி. அதுவரைக்கும் ஆளுங்களை என் எதிர்ல பெஞ்சுக்கு அனுப்பிடும். நான் ரப்பர் பந்து வச்சு ஊதுறது, துடைக்கிறதுன்னு முக்கியமானதை மட்டும் பார்த்துக்கிறேன். மூணு மணி நேரம். முன்ன மாதிரியே, முகம் கோணாமக் கேக்கிறாங்க.

என்ன? காஞ்சுடுச்சான்னா கேக்குறீங்க? இருங்க, டியூபுல இன்னும் ஒரு துளி நிக்குது. முடிக்கப் போறேன், கதையைச் சொல்றேன்.

ஜெயிச்ச மறுநாள் எனக்கு ஒரு ஆராய்ச்சி புத்தி. ஸ்டிக்கரோடயே இந்தப் போடு போடுதே, ஸ்டிக்கரைக் கிழிச்சா என்ன போடு போடும்? பிரமு மெஷினைக் கழட்டி வச்சுட்டு அடுக்களையில இருந்தா. நான் இந்த மேஜையில உட்கார்ந்து, நகத்தால அந்த வட்டத்தைக் கிளப்பி எடுத்தேன். ஒரு நிமிஷம் காத்து வாங்க வச்சேன். மெஷின்ல போட்டு, மோல்டு கொஞ்சம் இடிச்சுது, பரவாயில்லைன்னு என் வலது காதுல மாட்டிக்கிட்டேன். வேலை செய்யும்போது பேசிக்கிட்டே செய்யறது என் வழக்கம், கேக்க ஆளில்லைன்னாலும். அன்னைக்கு நாய் கதையைச் சொல்லிக்கிட்டே மாட்டினேன்.

மாட்டினதும் ஒரு கிழவன் பேசுற சத்தம்.

கரகரன்னு தொண்டை. நிறுத்தாம, மூச்சு விடாம, பெருமையா என்னமோ அளக்கிறான். யாருடா இவன்னு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. எந்த ரேடியோ ஸ்டேஷன்லயாவது பேசுறவனை மெஷின் பிடிச்சு இழுக்குதான்னு, நான் வாயை மூடிக் கவனிச்சேன். பலே ஆளு, அவனும் மூடிக்கிட்டான். "யாருய்யா நீ?"ன்னேன். அதே நேரத்துல அவனும் அதையே கேக்கிறான். நான் இருமினா அவனும் இருமுறான். என்னடா இது, இப்படி ஒருத்தன் இடைவிடாமக் காதுக்குள்ள பேசிக்கிட்டே இருந்தா மனுஷி எப்படிக் குடித்தனம் பண்ணுவான்னு எனக்கே பிரமு மேல பரிதாபம் வந்துடுச்சு.

கழட்டிடலாம்னு கையைக் கொண்டு போனேன். அப்போ டங்குன்னு ஒரு சத்தம். தூக்கிவாரிப் போட்டுது. சுவர்க் கடிகாரம். பதினொண்ணு அடிச்சுது தம்பி. நாலு வருஷமா அடிக்காத கடிகாரம். அதை விடுங்க, அது என்ன கோளாறோ, அப்புறம் பார்த்துக்கலாம்.

கடிகாரம் அடிச்சு ஓய்ஞ்சதும் இன்னொரு சத்தம். அடுக்களையிலேருந்து. பிரமு முனகிக்கிட்டு இருக்கா. வலியில முனகுறது இல்ல, பாட்டு. வார்த்தை கிடையாது, வெறும் மெட்டு. சட்டி தேய்க்கிற சத்தத்துக்கு நடுவுல, மேல போகுது, இறங்குது, ஒரு இடத்துல சுத்திச் சுத்தி நிக்குது. நாப்பத்திமூணு வருஷம். இவளுக்குப் பாட வரும்னு எனக்கு யாருமே சொல்லல.

"ஏ பிரமு, நீ பாடுவியா?"ன்னு கத்தினேன். கத்தினதும் அந்தக் கிழவன் குறுக்க பாய்ஞ்சு அதையே கத்தினான். பாட்டு நின்னு போச்சு. "என்னங்க?"ன்னா பிரமு. நான் பதில் சொல்லல. வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேன். அவ கொஞ்ச நேரம் காத்திருந்தா. அப்புறம் சட்டி உருண்டுச்சு. அப்புறம் மெதுவா, விட்ட இடத்துலேருந்து பாட்டு.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. அப்புறம் மெஷினைக் கழட்டி, ஸ்டிக்கரைத் தேடி எடுத்து, பேட்டரி முதுகுல திரும்ப ஒட்டிட்டேன். ஸ்டிக்கர் இருக்கிற வரைக்கும் அவளுக்கு நல்லாக் கேக்குது. கிழிச்சா அந்தக் கிழவன் வந்துடுறான். அது நான் பண்ணின மெஷின்ல இருக்கிற ஒரே கோளாறு, உங்ககிட்ட மறைக்கல. பெனிட்டா பொண்ணுகிட்டகூட இதை நான் சொல்லல.

இந்தாங்க, உங்க அப்பா மெஷின். பளிச்சுன்னு இருக்கு பாருங்க. சிவப்புக் கோடு வலது காது, மாத்தி மாட்டிடாதீங்க. ராத்திரி கழட்டினதும் பேட்டரிக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லுங்க, ஈரம் ஆறட்டும். உங்க அப்பாவும் பேசுறவரா? நிறையவா? அப்போ உங்க அம்மாவையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, காதைப் பார்த்துடலாம்.

மணி என்ன ஆச்சு? பத்தே முக்காலா? அப்போ சரி, நீங்க கிளம்புங்க, எனக்கு வேலை இருக்கு. தினம் பதினொரு மணிக்கு பிரமு மெஷினைப் பராமரிப்புக்கு எடுப்பேன். பத்து நிமிஷ வேலை. நான் கேக்கிறதுகூட இல்ல, அவளே கழட்டி இந்த மேஜையில வச்சுட்டு அடுக்களைக்குப் போயிடுறா. இப்பல்லாம் ஸ்டிக்கரையும் அவளே கிழிச்சு, பக்கத்துல பத்திரமா வச்சுட்டுப் போறா.

கதவை மெதுவாச் சாத்திட்டுப் போங்க தம்பி. பத்து நிமிஷம் நான் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தா அந்த ஆளு வந்துடுவான்.